அமைதிக் கல்விக்கு உதவித்தொகை: தீவுப் பட்டதாரிகளுக்கு ஒரு வழிகாட்டுரை

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரம் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதுவரை போர்ட் பிளேர் என வழங்கிய அந்நகரின் மீன்பிடித் துறைகளுள் ஒன்று ஜங்லிகாட். விடியுமுன் படகுகள் கரையணைய, ஐஸ் வண்டிகளும் ஏலக்காரர்களும் சில்லறை வியாபாரிகளும் கூடுகின்ற இத்துறையில், தமிழும் தெலுங்கும் வங்காளமும் இந்தியும் ஒரே மூச்சில் கலந்து ஒலிக்கும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. இவர்களில் வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 28 விழுக்காடு, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. எந்த மொழியினரும் பெரும்பான்மையர் அல்லர் என்பதே இத்தீவுச் சமுதாயத்தின் தனித்தன்மை.

இத்தகைய ஊரிலிருந்து ஒரு பட்டதாரி, அமைதியும் பிணக்குத் தீர்வும் பற்றிய முதுகலைப் படிப்புக்குப் பன்னாட்டு உதவித்தொகை கோரி விண்ணப்பிக்க முற்படுகிறார் எனக் கொள்வோம். அவருக்கு முதலில் எழும் ஐயம், போரும் கலகமும் காணாத ஊரிலிருந்து எதை எழுதுவது என்பதே. இவ்வையத்தின் விளைவாகப் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. விண்ணப்பிக்கும் சிலரோ, தாம் பார்த்தறியாத மேற்காசியப் போர்களைப் பற்றியும், ஐக்கிய நாடுகள் அவையின் குறைபாடுகளைப் பற்றியும் எழுதி வாய்ப்பை இழக்கின்றனர். தேர்வுக் குழு தேடும் பொருள் அவர்கள் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறையின் தோற்றம்

அமைதி பற்றிய கல்வி, அறிவுரைத் தொகுப்பன்று. அது சமூக அறிவியலின் ஒரு பிரிவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், பூசல்கள் ஏன் தோன்றுகின்றன, எவ்வாறு முற்றுகின்றன, எந்நிலையில் தணிகின்றன என்பனவற்றைக் கணக்கிட்டு ஆராய வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1957இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனி ஆய்விதழ் தொடங்கப்பெற்றது. அதனைத் தொடங்கியோருள் முதன்மையானவர் கென்னத் போல்டிங் என்னும் பொருளாதார அறிஞர். இது தற்செயலானதன்று. அரிய பொருளை எவர் எவ்வளவு பெறுவது என்னும் கேள்வியே பொருளியலுக்கும் பிணக்குக்கும் பொதுவான வேர். 1959இல் நார்வே நாட்டு அறிஞர் யோஹான் கால்டுங் ஆஸ்லோ நகரில் ஆய்வு நிறுவனம் ஒன்றை அமைத்தார். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 1971இலும், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1973இலும் தனித்துறைகள் தோன்றின. பிராட்ஃபோர்டின் முதற் பேராசிரியர் ஆடம் கேர்ள், நைஜீரிய உள்நாட்டுப் போரில் இரு தரப்பினரிடையே தூது சென்று பழகியவர்.

இத்துறையின் அடிப்படைக் கருத்துகளுள் இரண்டு விண்ணப்பதாரருக்கு இன்றியமையாதவை. முதலாவது, கால்டுங் வகுத்த பாகுபாடு. அடிதடி நின்றுவிட்ட நிலையை அவர் எதிர்மறை அமைதி என்றார். அடிதடிக்குக் காரணமான அநீதி நீங்கிய நிலையை நேர்மறை அமைதி என்றார். இளமையிலேயே காந்தியடிகளின் அரசியல் நெறியைப் பற்றி ஆர்னே நெஸ் என்பாருடன் இணைந்து நூல் எழுதியவர் கால்டுங் என்பது இந்திய மாணவர்கள் அறியத்தக்கது.

இரண்டாவது, 1981இல் ரோஜர் ஃபிஷர், வில்லியம் யூரி ஆகிய இருவரும் தம் நூலில் பரப்பிய வேறுபாடு: ஒருவர் வாய்விட்டுக் கேட்பது வேறு; அவருக்கு உண்மையில் வேண்டுவது வேறு. படகுத் துறையில் ‘இந்த இடம் எனக்கே’ என ஒருவர் வாதாடுகிறார். அவருக்கு வேண்டுவது அந்த ஆறடிக் கரையன்று; ஐஸ் உருகுமுன் மீன் ஏலத்துக்குச் சென்றாக வேண்டும் என்பதே. கேட்பதை மட்டும் நோக்கினால் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்க வேண்டும். வேண்டுவதை நோக்கினால் வழிகள் பல தென்படும். இவ்வேறுபாட்டைத் தம் சொந்த அனுபவத்தில் கண்டு காட்டத் தெரிந்த விண்ணப்பதாரர் பாதிக் கிணறு தாண்டியவர் எனலாம்.

உதவித்தொகையும் தகுதிகளும்

இத்துறையில் பரவலாக அறியப்பெற்றது ரோட்டரி அறக்கட்டளையின் அமைதிக் கல்வி உதவித்தொகை. 2002இல் இதன் முதல் அணி மாணவர்கள் படிப்பைத் தொடங்கினர். ஆண்டுதோறும் முதுகலைப் படிப்புக்கு 50 பேர் வரையிலும், பணியிலிருப்போருக்கான சான்றிதழ்ப் படிப்புக்கு 80 பேர் வரையிலும் உலகெங்குமிருந்து தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பிராட்ஃபோர்டு, உப்சாலா, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து, டோக்கியோவின் சர்வதேசக் கிறித்தவப் பல்கலைக்கழகம் ஆகியவை இத்திட்டத்தோடு நெடுங்காலத் தொடர்புடையவை. சான்றிதழ்ப் படிப்பு உகாண்டாவின் மக்கெரேரே பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நடைபெறுகிறது. இந்தியாவில் புணே சிம்பயாசிஸ் பன்னாட்டுப் பல்கலைக்கழகமும் அண்மையில் இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பெற்றது. கல்விக் கட்டணம், உணவு, உறைவிடம், சென்று திரும்பும் பயணச் செலவு, களப் பயிற்சிச் செலவு ஆகியவற்றை உதவித்தொகையே ஏற்கிறது.

முதுகலைக்கு விண்ணப்பிப்போர் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். தொடர்புடைய பணியில் 3 ஆண்டு அனுபவம் வேண்டும். ஆங்கிலப் புலமை வேண்டும். தம் தாய்நாட்டுக்கு வெளியேயுள்ள பல்கலைக்கழகத்தையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். சான்றிதழ்ப் படிப்புக்கு 5 ஆண்டு அனுபவம் வேண்டும். ஆகவே, கல்லூரி இறுதித் தேர்வு எழுதிய கையோடு விண்ணப்பிக்க இயலாது. பலர் கவனிக்கத் தவறும் விதி ஒன்றுண்டு. ரோட்டரிச் சங்க உறுப்பினர்களும் ஊழியர்களும் மட்டுமன்றி, அவர்தம் மனைவி அல்லது கணவர், மக்கள், பேரப்பிள்ளைகள் ஆகியோரும் இவ்வுதவித்தொகைக்கு உரியவர் அல்லர். தந்தை சங்க உறுப்பினர் என்பது பரிந்துரையாகும் என்று மகன் எண்ணியிருக்க, அதுவே தடையாக முடியும்.

அனுபவம் என்ற சொல்லைக் கண்டு தயங்குவோர் பலர். தூதரகத்திலோ பன்னாட்டு நிறுவனத்திலோ பணிபுரிந்திருந்தால்தான் அனுபவம் எனக் கருத வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்க எழுத்தர், ஊராட்சிச் செயலர், நிவாரண முகாமில் பதிவேடு எழுதியவர், சட்ட உதவி மையத்தின் தன்னார்வலர், பல மொழிக் குழந்தைகள் பயிலும் பள்ளியின் ஆசிரியர் ஆகியோர் யாவரும் அன்றாடம் பிணக்குகளின் நடுவிலேயே பணிபுரிகின்றனர். தாம் செய்த வேலையை இத்துறையின் கண்ணோடு திரும்பிப் பார்க்க அவர்கள் பழகவேண்டும்.

கட்டுரை எழுதும் முறை

விண்ணப்பத்தின் உயிர்நாடி அதிலுள்ள கட்டுரைகளே. ஜங்லிகாட்டில் வளர்ந்து, இங்குள்ள ஜவஹர்லால் நேரு அரசுக் கல்லூரியில் – 1967இல் தொடங்கப்பெற்றது அது – பட்டம் பெற்று, மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் மூன்றாண்டுகள் எழுத்தராகப் பணியாற்றிய ஒருவரை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய முதல் வரைவு பெரும்பாலும் இவ்வாறு அமையும்:

“இன்றைய உலகம் போர்களாலும் பயங்கரவாதத்தாலும் அல்லலுறுகிறது. அண்ணல் காந்தியடிகள் பிறந்த மண்ணில் பிறந்த நான், சிறு வயது முதலே அமைதியில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டுள்ளேன். உலக அமைதிக்கு என்னை அர்ப்பணிக்க இவ்வுதவித்தொகை துணைபுரியும்.”

இதில் பொய் ஏதுமில்லை. ஆயினும் இதனை எழுதியவர் ஜங்லிகாட்டுக்காரரா, ஜபல்பூர்க்காரரா என்று படிப்பவர் அறிய வழியில்லை. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் படிக்கும் குழுவினர் இத்தகைய பத்தியைக் கண்டதும் அடுத்த தாளைப் புரட்டிவிடுவர். அதே எழுத்தர் தம் அலுவலகப் பதிவேடுகளையும் நினைவையும் துணைக்கொண்டு இரண்டாம் வரைவை எழுதினால் அது இவ்வாறு அமையலாம்:

“எங்கள் துறையில் விசைப்படகுகளும் சிறு படகுகளும் ஒரே இறங்குதுறையைப் பயன்படுத்துகின்றன. விசைப்படகு முதலில் அணைந்தால், சிறு படகின் மீன் இரண்டு மணி நேரம் வெயிலில் காத்திருக்கும். அதற்குள் ஏலத்தின் நல்ல விலை போய்விடும். பருவத்தில் இதுபற்றி வாரந்தோறும் தகராறு. ஒரு தரப்பினர் தெலுங்கும் மறு தரப்பினர் தமிழும் பேசியமையால், வெளியார் இதனை மொழிச் சண்டை என்றனர். நான் இரு பருவங்களின் வரவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். தகராறு நடந்த நாள்களில் பெரும்பாலானவை, ஐஸ் வரத்துக் குறைந்த நாள்கள். இதனை இரு தரப்பு முதியோரிடமும் தனித்தனியே காட்டினேன். சிறு படகுகளுக்கு முதல் ஒரு மணி நேரம் என்னும் முறை ஒத்துக்கொள்ளப்பட்டது. அடுத்த பருவத்தில் தகராறு குறைந்தது, நிற்கவில்லை. புதிதாக வந்த படகுக்காரர்களை நாங்கள் கலந்து பேசாமல் விட்டதே அதற்குக் காரணம் என்று இப்போது எண்ணுகிறேன்.”

இரண்டாவது பத்தியில் அமைதி என்ற சொல்லே இல்லை. ஆயினும் பிணக்கின் தரப்பினர் யாவர், அவர்கள் கேட்பது எது, வேண்டுவது எது, மேலோட்டமான காரணத்துக்கும் மெய்யான காரணத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு, விண்ணப்பதாரர் செய்தது என்ன, எங்கே தவறினார் ஆகிய யாவும் அதில் அடங்கியுள்ளன. கடைசி வாக்கியம் குறிப்பாக நோக்கற்பாலது. தம் முயற்சி முழு வெற்றி பெற்றதாகக் காட்டவேண்டும் என்ற ஆசை விண்ணப்பதாரர்க்கு இயல்பு. எனினும், அனைத்தும் தீர்ந்துவிட்டதெனில் மேற்படிப்பு எதற்கு? தீராது நின்ற பகுதியே அவர் படிக்கவேண்டிய காரணத்தைத் தருகிறது. நேர்காணலில் துருவிக் கேட்கப்படும்போது நிலைத்து நிற்பதும் உண்மையாக நடந்தது மட்டுமே. கணினி புனைந்து தரும் கட்டுரையும், பயிற்சி நிலையங்கள் விற்கும் கட்டுரையும் இங்கேதான் கைவிடுகின்றன.

ஊர்ப் பிணக்கை எழுதினால் மட்டும் போதாது. அது உலகில் வேறெங்கும் எழுந்துள்ளதா, அங்கே எவ்வாறு கையாளப்பட்டது என்பதையும் ஓரிரு வாக்கியங்களில் இணைத்துக் காட்டுதல் நலம். மீன்பிடித் துறைப் பிணக்குக்கு இணைகள் தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இழுவலை விசைப்படகுகள் பெருகியபோது 1970களில் நாட்டுப்படகு மீனவருக்கும் அவர்களுக்குமிடையே கடுமையான மோதல்கள் நிகழ்ந்தன. அதன் விளைவாகப் பாக் நீரிணைக் கரையில் விசைப்படகுகள் வாரத்தில் 3 நாள்களும் நாட்டுப்படகுகள் 4 நாள்களும் கடலுக்குச் செல்லும் ஏற்பாடு தோன்றியது. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள நீர்ப்பரப்பை நாட்டுப்படகுகளுக்கென ஒதுக்கியது. சட்டம் இடத்தைப் பங்கிட்டது. ஏற்பாடு காலத்தைப் பங்கிட்டது. ஆழமற்ற அக்கடலில் 3 மைல் கோட்டை நடுக்கடலில் எவர் காண்பது? இன்று படகு புறப்பட்டதா இல்லையா என்பதையோ கரையில் நிற்கும் குழந்தையும் சொல்லும். விதியை மீறுவோரை எளிதில் கண்டுகொள்ள இயலும் ஏற்பாடே நிலைக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

துருக்கி நாட்டின் அலான்யா கடற்கரையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1970களின் தொடக்கத்தில் அங்கே நல்ல வலையிடங்களுக்காக மீனவரிடையே சச்சரவு மிகுந்திருந்தது. சில ஆண்டுகள் செய்து பார்த்துச் செப்பனிட்டு அவர்களே ஒரு முறை கண்டனர். ஒவ்வொரு செப்டம்பரிலும் தகுதியுடைய மீனவர் பெயர்களையும் வலையிடங்களின் பெயர்களையும் பட்டியலிட்டுச் சீட்டுக் குலுக்குவர். செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஒவ்வொருவரும் நாளுக்கு ஓரிடம் கிழக்கே நகர்வர்; பின்னர் மே வரை மேற்கே நகர்வர். இதனால் நல்ல இடமும் மட்டமான இடமும் யாவருக்கும் சமமாக வாய்க்கும். தன் முறைக்குரிய நல்ல இடத்தில் வேறொருவர் வலையிட்டால் உரியவரே கண்டுகொள்வார், காவலர் தேவையில்லை. இதனை உலகறியச் செய்த எலினார் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. அலான்யாவில் செல்லுபடியான முறை, படகுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் மாறும் துறையில் செல்லுபடியாகுமா? இக்கேள்வியையே ஆய்வுத் தலைப்பாக முன்வைக்க ஜங்லிகாட் பட்டதாரிக்கு முழு உரிமையுண்டு.

தீவுகளில் படிக்கத்தக்க பிற பிணக்குகள்

மீன்துறையோடு தீவுகளின் பிணக்குகள் முடிந்துவிடவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் ஜங்லிகாட் துறை சேதமுற்றது. தென் அந்தமானில் தலைநகரை அடுத்த நிலம் ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தமையால் தாழ்ந்த வயல்கள் பல உப்பு நீரில் மூழ்கின. நிலம் இழந்தோர்க்கு மாற்று எது, எவர் முதலில் பெறுவது என்னும் கேள்விகள் தொடர்ந்தன. நிக்கோபாரில் ‘துஹேத்’ என்னும் கூட்டுக்குடும்பமே உடைமையின் அடிப்படை. அத்தகைய சமுதாயத்தில் நிவாரணம் தனிக்குடும்பக் கணக்கில் வழங்கப்படுமாயின், உதவியே உறவினரிடையே பூசலை விளைவிக்கக்கூடும். நல்லெண்ணத்தோடு தீட்டப்பெறும் திட்டங்களும் புதிய பிணக்குகளை உண்டாக்கவல்லன என்பதை அதிகாரிகளும் மாணவர்களும் ஒருங்கே படிக்க இதைவிடப் பொருத்தமான களம் அரிது.

எனினும், நீண்ட வரலாறுடையது ஜாரவா மக்களைப் பற்றிய பிணக்கேயாகும். 1957இல் அவர்களுக்கெனக் காட்டுப் பகுதி ஒதுக்கப்பட்டது. அதனூடே அந்தமான் நெடுஞ்சாலை அமைக்கப்பட்டபோது அவர்கள் அம்பெய்து எதிர்த்தனர். இரு தரப்பிலும் உயிர்கள் மாண்டன. 1974இல் முதன்முறையாக நட்புறவுச் சந்திப்பு வாய்த்தது. 1996இல் கால் எலும்பு முறிந்த நிலையில் காணப்பட்ட ஜாரவா இளைஞர் ஒருவர் தலைநகரின் மருத்துவமனையில் பல மாதங்கள் சிகிச்சை பெற்றுத் திரும்பினார். 1997 அக்டோபர் முதல் ஜாரவா மக்கள் வில்லம்பு ஏந்தாமல் தாமாகவே குடியேற்றப் பகுதிகளுக்கு வரத் தொடங்கினர்.

அம்பு நின்றது, எதிர்மறை அமைதி கிட்டிற்று. ஆயினும் 1999இல் அம்மை நோய் அவர்களிடையே பரவியது. சாலையில் செல்வோர் அவர்களைக் காட்சிப் பொருளாக்கினர். 2002 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், ஒதுக்கீட்டுப் பகுதியின் ஊடாகச் செல்லும் சாலையை மூடுமாறு ஆணையிட்டது. வடக்கேயுள்ள மக்களோ தம் மருத்துவத்துக்கும் வாணிகத்துக்கும் அச்சாலையே வழி என வாதிட்டனர். 2004 டிசம்பரில் ஜாரவா மக்கள் பற்றிய கொள்கை அறிவிக்கப்பட்டது. வாகனங்கள் காவலுடன் அணியணியாகச் செல்லும் முறை தொடர்ந்தது. சண்டை ஓய்ந்த பின்னரே சிக்கலான கேள்விகள் எழுந்தன என்பதற்கு, கால்டுங்கின் பாகுபாட்டை விளக்க முனையும் ஆசிரியருக்கு இதைக்காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பழங்குடியினர் பாதுகாப்பு பற்றிய 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, ஒதுக்கீட்டுப் பகுதிக்குள் அனுமதியின்றிச் செல்வதும் படம் எடுப்பதும் குற்றமாகும். 2012இல் கொணர்ந்த திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கிற்று. விண்ணப்பத்தில் சேர்ப்பதற்காக அங்கே சென்று வந்ததாக எழுதுவது பெருமையன்று. குற்ற ஒப்புதல் ஆகிவிடும். சாலையின் இப்பக்கத்தைப் பற்றிப் படிக்க எவர் தடையுமில்லை. பேருந்து ஓட்டுநர், மாயாபந்தர் வணிகர், வனக் காவலர், சுற்றுலா முகவர் ஆகியோருக்கு வேண்டுவது என்ன என்று கேட்டறிதலே ஒரு முழு ஆய்வாகும்.

பரிந்துரைக் கடிதமும் அலுவலகங்களின் பங்கும்

விண்ணப்பதாரரின் உழைப்பு முழுவதும் ஒரு பரிந்துரைக் கடிதத்தால் வீணாவதுண்டு. இதற்குப் பெரும்பாலும் அதிகாரிகளே பொறுப்பு. ‘இவரை நான்கு ஆண்டுகளாக அறிவேன், நன்னடத்தையுள்ளவர், இவர் முயற்சி வெற்றிபெற வாழ்த்துகிறேன்’ என்னும் வாசகம் நன்னடத்தைச் சான்றுக்குப் பொருந்தும், தேர்வுக் குழுவுக்கு அது எதனையும் தெரிவிப்பதில்லை. பரிந்துரைப்பவர் தாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியை, நாளும் இடமும் தெரிய, விவரித்தல் வேண்டும். இருதரப்பினரும் உரத்துப் பேசிய கூட்டத்தில் அந்த எழுத்தர் என்ன சொன்னார், எப்போது வாய்மூடி இருந்தார் என்பதை எழுதினால் ஒரு பக்கம் போதும். மேலதிகாரியின் பதவிப் பெயர் எத்துணைப் பெரிதாயினும், விண்ணப்பதாரரை அறியாதவர் எழுதும் கடிதத்தைக் காட்டிலும், நாள்தோறும் உடன் பணியாற்றிய சங்கச் செயலரின் கடிதமே எடையுள்ளது. தட்டச்சு செய்த வரைவை விண்ணப்பதாரரிடமே எழுதி வாங்கிக் கையொப்பமிடும் வழக்கமும் கைவிடத்தக்கது. இரு கடிதங்களும் ஒரே நடையில் இருந்தால் அது மறைவதில்லை.

அரசு ஊழியர் விண்ணப்பிக்கும்போது மேலும் சில நடைமுறைகள் உண்டு. 1972ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணிகள் விடுப்பு விதிகளின்படி, 5 ஆண்டு பணி முடித்தோர்க்குக் கல்வி விடுப்பு வழங்கலாம். சாதாரணமாக ஒரு தடவைக்கு 12 மாதங்களும், பணிக்காலம் முழுவதிலும் 24 மாதங்களும் உச்ச வரம்பு. பிற விடுப்புடன் சேர்த்துப் பொதுவாக 28 மாதங்களுக்கு மேல் பணியிலிருந்து விலகியிருக்க இயலாது. படிப்பு ஊழியரின் பணியோடு நேரடியான, நெருங்கிய தொடர்புடையதாக இருத்தல் வேண்டும்; திரும்பியபின் 3 ஆண்டுகள் பணிபுரிவதாகப் பிணைமுறி எழுதித் தரவும் வேண்டும். மீன்வளத் துறை ஊழியர் அமைதிக் கல்வி பயில விடுப்புக் கேட்கையில், ‘இதற்கும் மீனுக்கும் என்ன தொடர்பு?’ என்று கோப்பில் குறிப்பு எழுதப்படும் என்பதை எதிர்பார்க்கலாம். 2003இல் தீவுகளுக்கெனக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் இயற்றப்பெற்றுள்ளன. அவற்றை நடைமுறைப்படுத்துவதே பிணக்குத் தீர்வுப் பணிதான் என விண்ணப்பத்திலேயே விளக்கிவிடுதல் நன்று. வெளிநாட்டு விருந்தோம்பலை ஏற்பதற்கு முன் அனுமதி பெறவேண்டும் என்ற சட்ட விதியும், கடவுச்சீட்டுக்கான துறை நடைமுறைகளும் நினைவில் கொள்ளத்தக்கன. அனுமதிக் கோப்பு அலுவலகம் விட்டு அலுவலகம் செல்ல மாதங்கள் ஆகும். தேர்வான செய்தி வந்தபின் கோப்பைத் தொடங்குவோர், படிப்பு தொடங்கும் நாளன்றும் ஜங்லிகாட்டிலேயே இருப்பர்.

கால அட்டவணை

ரோட்டரி உதவித்தொகைக்கான விண்ணப்பக் காலம் வழக்கமாகப் பிப்ரவரித் தொடக்கத்தில் தொடங்கி மே 15இல் முடிவடைகிறது. படிப்பு மறு ஆண்டில் தொடங்கும். எனவே மே மாதத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுதல் முறை. ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண் 2 ஆண்டுகளுக்கே செல்லும். தேர்வு மையம் உள்ளூரில் கிடைக்காத நிலையில் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ செல்ல நேரும். சென்னைக்குக் கடல் வழித் தொலைவு ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள். வானிலையால் கப்பல் தாமதப்படுவதும் உண்டு. ஆகவே முந்திய ஆண்டின் இறுதிக்குள் இத்தேர்வை முடித்துவிடுதல் பாதுகாப்பானது. மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகத்திலிருந்து பெறுவதற்கும் இதே கால அளவை ஒதுக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் செயற்படத் தொடங்கியபின் இணையவழி விண்ணப்பம் அனுப்புவது முன்னினும் எளிதாயிற்று. எனினும் கடைசி நாளின் கடைசி மணிக்காகக் காத்திருப்பது எங்கும் உகந்ததன்று.

கட்டுரைகளை நேரடியாக ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குவோர், தமக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு ஏற்ப அனுபவத்தைச் சுருக்கிவிடுகின்றனர். நடந்ததை முதலில் தமிழிலோ தெலுங்கிலோ, வீட்டில் ஒருவரிடம் சொல்வதுபோல், முழுமையாக எழுதிவைத்து, அதன்பின் ஆங்கிலத்தில் புதிதாக எழுதுவது பயன் தரும்.

பிற வாய்ப்புகள்

ஒரே உதவித்தொகையை நம்பியிருத்தல் கூடாது. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2 ஆண்டு, அதாவது 2,800 மணி நேரப் பணி அனுபவம் போதும். ஓராண்டு முதுகலைக்கு அது முழுச் செலவையும் ஏற்கிறது. படிப்பு முடிந்தபின் 2 ஆண்டுகள் தாய்நாட்டில் இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. பழங்குடியினர் நல அமைச்சகம் ஆண்டுதோறும் 20 பேருக்கு வெளிநாட்டு உயர்கல்வி உதவி வழங்கி வந்துள்ளது; நிக்கோபார் மாணவர்கள் இதனை ஆராய்ந்து பார்க்கலாம். ஆதிதிராவிட மாணவர்களுக்கான இத்தகைய திட்டத்தில், 2022இல் வெளியான நெறிமுறைகள் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளை விலக்கின. இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வை வெளிநாட்டில் செய்வானேன் என்பது அதன் பின்னுள்ள எண்ணம் போலும். தம் ஊர்ப் பிணக்கை ஆய்வுப் பொருளாகக் கொள்வோர்க்கு அது இடையூறாதலால், விண்ணப்பிக்குமுன் அவ்வாண்டின் நெறிமுறைகளைப் படித்தறிதல் வேண்டும்.

கடல் கடக்க இயலாதோர்க்கும், மூன்றாண்டு அனுபவம் நிரம்பாதோர்க்கும் உள்நாட்டிலேயே கல்வி உண்டு. புதுதில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் 2004இல் நெல்சன் மண்டேலா பெயரால் அமைந்த மையம், பிணக்குப் பகுப்பாய்வும் அமைதி ஆக்கமும் பற்றிய முதுகலைப் பாடத்தை நடத்தி வந்துள்ளது. திண்டுக்கல் மாவட்டத்துக் காந்திகிராமம், டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது. 1976இல் பல்கலைக்கழக நிலை பெற்றது. காந்தியச் சிந்தனையும் அமைதி அறிவியலும் அங்கே பாடமாக வளர்ந்தன. அவ்வந்நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு அறிவிப்புகள் பெரும்பாலும் ஆண்டின் முற்பகுதியிலேயே வெளியாகின்றன. ரோட்டரி விண்ணப்பம் எழுதும் அதே மாதங்களில் இவற்றையும் நிரப்பி அனுப்பலாம். துறைமுகத் தகராறு பற்றி எழுதிய அந்த ஒரு கட்டுரையே, சிறு மாற்றங்களுடன், இரண்டுக்கும் பயன்படும்.